சத்தத்தை வெட்ட வேண்டாம்

அத்தியாயம் பதினொன்று

பெரியவளுக்கு வருவது நோயா நடிப்பா என்று அந்த வீட்டில் இரண்டு கட்சி இருந்ததைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கம் கலையும் நேரத்தில் மூத்த மருமகளுக்கு ஒன்று வரும். கை தானாக மேலே போகும். கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைக்கும். வாயிலிருந்து ஒரு கூச்சல். ஒரு நிமிடம்கூட நீடிக்காது. பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பாள்.

ரத்தம் எடுத்தார்கள். தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம் என்றே தாள் வந்தது. தாள் சுத்தமாக வர வர, வீட்டுக்குள் பேச்சு அழுக்காகிக்கொண்டே போனது.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா, "அது வர்றப்போ நான் பார்க்கணும். போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார். பெரியவளின் கணவர், வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவர், எடுத்துக்கொண்டு போனார். அதில் இருட்டு இருந்தது, அவருடைய கட்டைவிரல் இருந்தது, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி இருந்தது. பெரியவள்தான் இல்லை.

"உங்க வீட்டு ஃபேன் நல்லா ஓடுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் அந்த வேலை சின்னவள் தலையில் விழுந்தது. அவள் இளைய மருமகள். கணவன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான். அவள் ஒரு துணிக்கடையில், வந்திறங்கும் புதுத் துணிகளைப் போனில் படம் பிடித்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் வேலையில் இருக்கிறாள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு நிறம் கறுப்பாகிவிடும், வாங்கியவர்கள் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்து சண்டை பிடிப்பார்கள். வெளிச்சம் என்பது அவளுக்குச் சோறு போடும் விஷயம்.

டாக்டரம்மா அவளிடம் நேரடியாகவே போனில் பேசினார்.

"முழு உடம்பும் தெரியணும். முகமும் தெரியணும். கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு நான் பார்க்கணும். ஆரம்பத்துல இருந்து வேணும்மா, பாதியில ஆரம்பிச்சா பிரயோஜனம் இல்ல."

"பிடிச்சுக்க வேண்டாமா டாக்டர்?"

"கட்டில்ல இருந்து விழாம பார்த்துக்குங்க. கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சுட்டா நான் எதைப் பார்க்கறது? நடுவுல அவங்க பேரைக் கேளுங்க. அப்புறம், எதையும் வெட்டாதீங்க. சத்தத்தையும் சேர்த்துதான். மெசேஜ்ல அனுப்பினா படம் நசுங்கிப் போயிடும். போனோட கொண்டு வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது. சின்னவள் ஓடிவந்து, போனைத் திறந்து, கேமராவைத் தேடுவதற்குள் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதி நன்றாகவே பதிவானது. ஆனால் டாக்டரம்மா கேட்டது ஆரம்பத்தை.

இன்று சனிக்கிழமை. மாலையில் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அது முடிந்ததும் பெரியவளின் அண்ணன் வருகிறார், தங்கையை அழைத்துக்கொண்டு போக. வரச்சொல்லிப் போன் போட்டது மாமனார்.

"கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும். இடம் மாறினா புத்தியும் மாறும்" என்று காலையில் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "பரீட்சை அன்னைக்கு வயித்துவலின்னு வந்து நிக்கிற பிள்ளைங்களை ஆயுசு பூரா பார்த்தவன் நான். மூஞ்சியைப் பார்த்தாலே போதும். பரீட்சை முடியட்டும், வலி போன இடம் தெரியாது."

அக்காவுக்கு இங்கே என்ன பரீட்சை என்று கேட்கச் சின்னவளின் நாக்கு நுனி வரை வந்தது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

பெரியவளின் அறையை அவள் கடையைப்போல் நினைத்துக்கொண்டு பார்த்தாள். கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. இந்தப் பக்கமிருந்து எடுத்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடும், முகம் கரியாகிவிடும்.

"அக்கா, கட்டிலை ஒரு கை பிடிங்க. ஜன்னல் பக்கவாட்டுல வரணும்."

இருவரும் கட்டிலை இழுத்துத் திருப்பினார்கள். திரைச்சீலையை முழுக்க ஒதுக்கினாள். டியூப்லைட்டை அணைத்தாள், அது படத்தில் கோடு கோடாக விழும். மின்விசிறியையும் நிறுத்தினாள், அது ஓடினால் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. கூடத்திலிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அறை வாசலுக்கு வெளியே தள்ளி வைத்தாள்.

முக்காலி மேல் பிஸ்கட் டப்பாவை வைத்து, அதன்மேல் போனைப் படுக்கைவாட்டில் சாய்த்து நிறுத்தினாள். கையில் பிடிக்கப் போவதில்லை. தன் கையை அவள் நம்பவில்லை. லென்ஸைப் பனியன் துணியால் துடைத்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை கட்டில் திரைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தாள். அடங்கவில்லை. முக்காலியைப் பின்னால் நகர்த்தினாள். யாராவது கூப்பிட்டால் பதிவு நின்றுவிடும் என்று அழைப்புகள் வராதபடி மாற்றினாள். இடம் போதாது என்று போன் சொன்னது. போன மாதத்துத் துணி வீடியோக்களையெல்லாம் அழித்தாள்.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் குறைந்தால் அது வரக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னபடி முந்தின இரவு அதிகம் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நைட்டியோட வேண்டாம்னு இதைப் போட்டுக்கிட்டேன்" என்றாள். சட்டைபோல் நீண்ட மேலாடையும், கணுக்காலில் இறுகிய காலாடையும். "காலை உதைக்கறப்போ விலகிடும். டாக்டர் ரூம்ல யார் யார் இருப்பாங்களோ."

சின்னவளுக்கு அந்த யோசனை தோன்றவேயில்லை. வெளிச்சம், கோணம் என்று எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

"உங்களுக்கு இது கஷ்டமா இருந்தா வேண்டாம்க்கா."

"எடு. நானும் பார்க்கணும்." பெரியவள் தலையணையைச் சரிசெய்தாள். "இந்த வீட்ல எல்லாரும் பார்த்திருக்கீங்க. நான்தான் பார்த்ததில்ல."

*

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவள் தூங்கினாள். சின்னவள் பதிவை ஓடவிட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போன் திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்தி வெளிச்சம் ஏறி இறங்காமல் கட்டி வைத்தாள். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை.

கூடத்தில் மாமனாரின் குறட்டை. தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுப் போனார்கள். பெரியவளின் மூச்சு சீராக வந்து போனது.

வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று அடுத்த கணமே உடம்பு கூசியது.

வந்தது.

முதலில் இடது கை. யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் மெல்ல மேலே எழுந்தது. முகம் வலது பக்கம் திரும்பியது. கண்கள் அகலத் திறந்தன. பிறகு கால்கள் இரண்டும் மாறி மாறி உதைத்தன. கட்டில் சுவரில் மோதியது. தொண்டையிலிருந்து ஒரே நீளக் கூச்சல்.

சின்னவள் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தால் அந்தக் கையைப் பிடித்துவிடலாம். இத்தனை நாள் எல்லாரும் செய்தது அதுதான், ஆளுக்கொரு கையைப் பிடித்து அமுக்குவது. பிடிக்காமல் நிற்பது இவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியாது. கட்டில் விளிம்பில் காலை முட்டுக் கொடுத்து, கேமராவை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள்.

"அக்கா, உங்க பேர் என்ன? பேரைச் சொல்லுங்க."

கண்கள் அவளைப் பார்த்தன. வாய் கூச்சலைத் தவிர வேறெதையும் தரவில்லை.

அந்த நேரத்தில் வாசற்கதவு திறந்தது. மூத்தவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மத்தியானம் வீட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை, இன்று மச்சான் வருவதால் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தார். கூச்சலைக் கேட்டு அறை வாசலுக்கு வந்தார். கையில் கிரீஸ் கறை, தோளில் பை. பிஸ்கட் டப்பாமேல் இருந்த போன் அவர் கண்ணில் படவில்லை.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார். சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரல். "அண்ணன் வர்ற அன்னைக்கா பார்த்து வரணும்? எத்தனை தடவைதான் வேலையைப் போட்டுட்டு ஓடி வர்றது? ஒழுங்கா வாழவும் மாட்டே. செத்துத் தொலையவும் மாட்டே."

கால்கள் நின்றன. கை இறங்கியது. பெரியவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பின், எப்போதும்போல், "தண்ணி" என்றாள்.

சின்னவள் குனிந்து பதிவை நிறுத்தினாள். அந்தச் சின்ன ஓசைக்குத்தான் மூத்தவர் திரும்பிப் பார்த்தார். முக்காலியை, போனை, அணைந்திருந்த மின்விசிறியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாயடிக்குக் கை கழுவப் போனார்.

*

"காட்டு" என்றாள் பெரியவள்.

"அப்புறமா பார்க்கலாம்க்கா. கொஞ்சம் படுங்க."

"காட்டுன்னேன்."

சின்னவள் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள். சத்தத்தைக் குறைக்கப் போனாள். பெரியவள் அவள் விரலை விலக்கிவிட்டாள்.

படம் தெளிவாக இருந்தது. விரல் நகம்கூடத் தெரிந்தது. பெரியவள் தன் கை எழுவதைப் பார்த்தாள். தன் கால்கள் உதைப்பதைப் பார்த்தாள். அந்தக் கூச்சல் வந்தபோது மட்டும் அவள் கழுத்து நரம்பு ஒரு முறை எழுந்து அடங்கியது.

"இப்படியா கத்தறேன்?" என்றாள் மெதுவாக. "பக்கத்து வீட்டுக்காரங்க வாசல்ல என்னைப் பார்த்தா உள்ள போயிடறாங்களே, ஏன்னு இப்பத்தான் தெரியுது."

பிறகு கணவரின் குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. மின்விசிறியை நிறுத்தியவள் சின்னவள்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவளின் முகம் மாறவில்லை.

"இது எனக்குத் தெரியும். கேட்டுச்சு."

"உங்களுக்கு அப்போ கேக்குமாக்கா?"

"எப்பவும் கேக்கும். வாய்தான் என் பேச்சைக் கேக்காது, கையும் காலும் கேக்காது. காதுக்கு என்ன கேடு?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மாமா பரீட்சைக் கதை சொன்னதெல்லாம் கேட்டிருக்கேன். உங்க அத்தான் சொன்னதெல்லாம் கேட்டிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லாம நின்னதையும் கேட்டிருக்கேன்."

சின்னவள் போனை மடியில் வைத்தாள். தான் எந்தக் கட்சியிலும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கட்டிலில் கிடந்தவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"குத்திக்காட்டலை" என்றாள் பெரியவள். "கேட்டியே, அதனால சொன்னேன்."

அவள் முகம் கழுவப் போனதும் சின்னவள் செவ்வாய்க்கிழமை எடுத்ததைத் திறந்தாள். இன்று எடுத்ததையும் திறந்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பிய அதே முகம். மாறி மாறி அதே உதை. உதைகளுக்கு நடுவில் அதே ஒரு நொடி இடைவெளி, அதன்பின் அதே பெருமூச்சு.

கடையில் ஒரே துணியை விரித்துக் காட்டுவதை மூன்று முறை எடுத்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். முதலில் சிரித்தது இரண்டாவதில் வராது, கை வேறு பக்கம் போகும். மனிதனால் தன்னையே நகல் எடுக்க முடியாது. தினமும் முயன்று தோற்கிறவளுக்கு அது தெரியும்.

இரண்டு பதிவுகளையும் தனியாகப் பிரித்துச் சேமித்து வைத்தாள். 

*

மூத்தவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சட்டை மாற்றி, தலை வாரியிருந்தார்.

"படம் நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு அத்தான்."

"நான் பேசினது..."

"அதுவும் வந்திருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. சத்தத்தை மட்டும் எடுத்துடேன். படம் இருந்தா போதாதா? டாக்டர் பார்க்கப் போறது கை காலைத்தானே?"

"வெட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தான். அந்தக் கூச்சலும் அவங்களுக்கு வேணுமாம்."

"கூச்சல் இருக்கட்டும். என் குரல் வர்ற இடத்துல மட்டும்."

"ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு."

அது பாதி உண்மை. கடைசியில் சில நொடிகள் அவர் குரல் மட்டுமே தனியாகக் கேட்டது. அங்கே வெட்டலாம், யாருக்கும் தெரியாது. கடையில் வாடிக்கையாளர் தும்மியதையும், முதலாளி திட்டியதையும் அவள் தினமும் வெட்டுகிறாள்.

"கோபத்துல வந்துடுச்சும்மா" என்றார். இதுவரை அவர் அவளிடம் இவ்வளவு தாழ்ந்து பேசியதில்லை. "பொழுது விடிஞ்சா லிஃப்ட்டுக்குள்ள தொங்கறேன். போன் அடிச்சா நெஞ்சு பக்குங்குது, அவளுக்கு வந்துடுச்சோன்னு. ஓடி வந்தா எழுந்து உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்பா. நானும் மனுஷன்தானே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் ஓடிவந்த நாட்களைச் சின்னவளும் பார்த்திருக்கிறாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் வெட்டமாட்டேன் அத்தான்."

அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்னபோது குரல் உயரவில்லை, அதனாலேயே அது அவருக்குப் புரிந்தது.

*

டாக்டரம்மாவின் அறை சிறியது. மூன்று நாற்காலிகள், ஒரு மேசை, மேசைமேல் மூளையின் பிளாஸ்டிக் பொம்மை. பெரியவள் நடுவில் உட்கார்ந்தாள். மூத்தவர் கதவை ஒட்டிய நாற்காலியில்.

டாக்டரம்மா போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.  பெரியவளின் கூச்சல் அறையை நிறைத்தது, அதன்பின் மூத்தவரின் குரல். சொந்தக் குரலை வெளியிலிருந்து கேட்பது யாருக்குமே சங்கடம்தான். மூத்தவர் தன் செருப்பின் வாரை அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

"செவ்வாய்க்கிழமை எடுத்தது இருக்குன்னீங்களே?"

சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதையும் பார்த்தார். இன்னொரு முறை இன்றையதைப் பார்த்தார். பெரியவளின் கண்கள் திறக்கும் இடத்தில் நிறுத்தி, விரல்களால் பெரிதாக்கினார்.

"அது நடக்கறப்போ உங்களுக்கு நினைவு இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர். எல்லாம் கேக்கும். பதில் சொல்லத்தான் முடியாது."

கதவுப் பக்கத்தில் செருப்பு வாரின் ஓசை நின்றது.

"இதை யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"நினைவு இருக்குன்னு சொன்னா, அப்போ நடிப்புதான்னு முடிவே பண்ணிடுவாங்க. அதான்."

டாக்டரம்மா போனை மேசைமேல் வைத்தார்.

"இது வலிப்பு. நடிப்பு இல்ல. மூளையோட முன்பக்கத்துல இருந்து வர்ற ஒரு வகை. உள்ளே ஆழத்துல கிளம்பறதால தலையில ஒயர் ஒட்டிப் பார்த்தாலும் பல பேருக்குப் பிடிபடாது. பார்க்கறவங்களுக்கு வேணும்னு செய்யற மாதிரியே இருக்கும், அதுதான் இதோட கொடுமை. தூக்கத்துல இருந்து வருது, கண்ணு திறந்திருக்கு, ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம அதே மாதிரி இருக்கு. ஸ்கேன் ஒண்ணு வியாழக்கிழமை எடுத்துடலாம். மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. தனியா அடுப்படியில நிக்க வேண்டாம். குளிக்கறப்போ தாழ்ப்பாள் போட வேண்டாம்."

பெரியவள் தலையாட்டினாள். அழவில்லை. மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள், குறிப்பாக இடது கையை. யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்ததுபோல் அதை மெல்லத் தடவினாள்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா சின்னவளிடம். அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

வீட்டுக்குத் திரும்பியபோது பெரியவளின் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமனார் எதிரில். இருவருக்கும் நடுவில் ஆறிப்போன காபி.

சின்னவள்தான் சொன்னாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். மாமனார் முழுக்கக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார், மறுபடி விரித்தார்.

"மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன்னு இருந்தேன்" என்றார் கடைசியில். பிறகு யாரிடமும் இல்லாமல், "அந்தப் பிள்ளைங்கள்ல எத்தனை பேர் நிஜமாவே வயித்துவலியோட வந்து நின்னுதுங்களோ" என்றார்.

மூத்தவர் மச்சானின் பக்கத்தில் போய் நின்றார். "இனி அழைச்சுக்கிட்டுப் போக வேண்டியதில்ல மச்சான். வைத்தியம் இங்கேயே பார்த்துக்கலாம். நான் இருக்கேன்."

"அதான் சரி மாப்பிள்ளை" என்றார் அண்ணன். அவருக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது போலும், உடனே எழுந்துவிட்டார்.

பெரியவள் தன் அறையிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"நான் வர்றேண்ணா. கிளம்பலாம்."

"டாக்டர்தான் சொல்லிட்டாங்களேம்மா, உன்மேல தப்பு இல்லன்னு."

"தப்பு இல்லாதவ எங்க வேணாலும் போகலாம், இல்லையா?"

 அண்ணன் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்குப் போனார்.

மூத்தவர் அவள் பையைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் நான் பேசினது தப்பு. கோபத்துல சொன்னது. நீயும் மனசுல வெச்சுக்காதே."

"அது கோபத்துல சொன்னதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள் பெரியவள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கடுமையாக இல்லை, சட்டையில் ஒட்டிய முள்ளை எடுப்பதுபோல். "அதுக்காகப் போகல. கோபமே இல்லாம நீங்க சொன்னது ஒண்ணு இருக்கு. அதையும் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

சின்னவளிடம் திரும்பினாள். "வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நீ வர்றியா?"

"வர்றேன்க்கா."

"மாத்திரை எப்போ எப்போன்னு ஒரு மெசேஜ் போட்டு விடு."

ஆட்டோ தெருமுனையில் திரும்பும் வரை சின்னவள் வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது மாமனார் தன் அறைக்குப் போயிருந்தார். மூத்தவர் பெரியவளின் அறையில், திருப்பிப் போட்ட கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை.

"ஆரம்பத்துல இருந்தேவா?" என்றார்.

"என்ன அத்தான்?"

"அவளுக்குக் கேட்டுதுன்னாளே. முதல் முதல்ல வந்தப்பவும் கேட்டிருக்குமா?"

"எப்பவும் கேக்கும்னுதான் என்கிட்டயும் சொன்னாங்க."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். அப்போதெல்லாம் வீட்டில் யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. நினைவு தப்பிவிட்டது என்றுதான் எல்லாரும் பயந்தார்கள்.

"நானும் நினைவு இல்லைன்னுதான் நினைச்சேன்" என்றார். "இதோ, இதே இடத்துல நின்னுக்கிட்டு, கோபமே இல்லாம, அவளைப் பத்தி போன்ல பேசினேன்."

"யார்கிட்ட அத்தான்?"

மூத்தவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து அவளைத் தாண்டிப் போய், சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார்.